இருபதடிக் காற்று

குருநகர்,
12.06.2024

அன்புத் தம்பி றோய்க்கு,

தேவமாதாவின் காவலில் நீ அங்கே நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அத்தானைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீ போனில் கேட்கும்போதெல்லாம் "பரவாயில்லை" என்று சொல்லிவிடுகிறேன். இவர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார், நான் அழுதால் தாங்கமாட்டார். ஆகவே இதைப்பற்றி இனிக் கடிதத்தில் பேசுவோம். நீயும் கடிதத்திலேயே பதில் போடு.

சித்திரையில் நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். மருதனார்மடத்துக் கராஜின் தகரக் கூரையை நீ கண்டிருக்கிறாய். பற்றரி களவு போனதென்று செல்வரட்ணம் முதலாளி பின்கதவையும் ஒரேயடியாகப் பூட்டிவிட்டார். அன்று மத்தியானம் இவர் ஒரு பஸ்ஸுக்குக் கீழே படுத்து கியர்ப்பெட்டி கழற்றிக்கொண்டிருந்தாராம். மேலே கொதிக்கிற தகரம், பக்கத்தில் ஓடவிட்ட லொறி எஞ்சின். "தலை சுத்துது" என்றவர் பிறகு பேசவில்லை. கூட வேலை செய்கிற ஜெயரூபன் காலைப் பிடித்து வெளியே இழுத்தபோது, உடம்பு அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோல இருந்ததாம். ஒரு துளி வியர்வை இல்லை. ஒன்பது நாள் கண் திறக்கவில்லை.

இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறார். சொல் குழறுகிறது. வலது கை நடுங்குகிறது. தேத்தண்ணிக் கோப்பையை நான்தான் பிடித்துக் கொடுக்கிறேன்.

முதலாளி ஒரு தரம் வந்தார், ஒரு பை முந்திரிகைப்பழத்தோடு. "வெயிலுக்கு நான் என்ன செய்யிறது, தங்கச்சி? எல்லாருக்கும்தானே வெயில்" என்றார். எழும்பிப் போகும்போது, இவருடைய இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டதையும் சொல்லிவிட்டுப் போனார்.

நீ அங்கே பெரிய பட்டறைகளுக்கெல்லாம் ஃபான் பூட்டுகிறவன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கராஜில் அப்படியொரு ஃபான் இருந்திருந்தால் இவர் விழுந்திருப்பாரா? உண்மையைச் சொல்.

உன் லவீனாவை ஞாயிறு பூசையில் கண்டேன். வயிறு தெரியத் தொடங்கிவிட்டது. தாய்வீட்டில் நல்லபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

உன் அக்கா,
மேர்சி

*

டோஹா,
04.07.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தானுக்காக வெள்ளிக்கிழமைப் பூசைகளில் மன்றாடுகிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு தரத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை.

பெரிய ஃபான் காற்றைக் குளிராக்காது, அக்கா. வேகமாகவும் சுற்றாது. நிமிடத்துக்கு அறுபது, எழுபது சுற்றுத்தான். ஆனால் இருபதடி அகலத்துக்கு இதழ்கள் சுற்றும்போது கூரையடிக் காற்று முழுவதும் கீழே இறங்கி, நிலத்தில் பரந்து, மூலை முடுக்கெல்லாம் ஓடும். வியர்வை உலரும். வியர்வை உலர்ந்தால் உடம்பின் சூடு இறங்கும். முகட்டில் சூடு வெளியேற ஒரு வழியும், எதிரெதிராக இரண்டு கதவும் இருந்தால் இந்த நாட்டு வெயிலிலேயே ஆட்கள் நின்று வேலை செய்கிறார்கள்.

அத்தான் விழுந்திருப்பாரா என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

செல்வரட்ணம் முதலாளியோடு மட்டும் பகைக்கப் போகாதீர்கள். என் கலியாணத்துக்குத் தன் மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த மனிதர். அதை மறக்கக்கூடாது.

அத்தானை மத்தியானத்தில் வெளியே விடாதீர்கள்.

தம்பி,
றோய்

*

குருநகர்,
02.08.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று சோழகக் காற்று நன்றாக வீசியது. முற்றத்தில் கதிரை போட்டு இவரை இருத்தினேன். உன் சுகம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

போன ஞாயிறு ஜெயரூபன் வந்தான். இவர் நித்திரையானதும் குசினிக்கு வந்து சொன்னான். "அக்கா, அண்ணை உங்களுக்குச் சொல்லேல்லையே? போன மார்கழி எங்கடை கராஜுக்குப் பெரிய ஃபான் ஒண்டு பெட்டியோடை வந்தது. வெளிநாட்டுத் திட்டம் ஒண்டு சும்மா குடுத்தது. ஒரு மாதம் மூலையிலை கிடந்தது. பிறகு காணேல்லை. கேட்டதுக்கு முதலாளி, அது பழுது, திருப்பி அனுப்பிப்போட்டன் எண்டவர்."

அடுத்த நாளே யாழ்ப்பாணத்திலிருக்கிற அந்தத் திட்டக் கந்தோருக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற றஜனி என்ற பிள்ளை கராஜின் கோப்பை எடுத்துப் பார்த்தாள். "திருப்பி ஒண்டும் வரேல்லை, அக்கா. கராஜிலை பூட்டியாச்செண்டு முதலாளி கையெழுத்து வைச்சிருக்கிறார்" என்றாள். ஐந்து வருடத்துக்கு அந்த ஃபான் திட்டத்தின் சொத்தாம். கராஜை விட்டு வேறிடத்தில் பூட்டக்கூடாதாம். கோப்பிலிருந்த படத்தைக் காட்டினாள். ஆறு இதழ். நடுவில் நீல வட்டம்.

றோய், அந்த நீல வட்டத்தை நான் கண்டிருக்கிறேன். உன் கலியாணத்தன்று லவீனா தலையில் போட்டிருந்த நெற்றை அலையவைத்த ஃபானின் நடுவிலும் அதுதான் இருந்தது. நீ இந்தத் தொழில்காரன். அது இதுவா?

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
மேர்சி அக்கா

*

டோஹா,
21.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை கூட. அதனால்தான் இவ்வளவு நாள் சென்றுவிட்டது, குறை நினைக்க வேண்டாம்.

ஆறு இதழும் நீல வட்டமும் இப்போது எல்லாக் கம்பனிக்காரரும் செய்கிறார்கள். இலக்கம் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. அன்று நான் மாப்பிள்ளை. கூரையையா பார்த்துக்கொண்டிருந்தேன்?

போனதை விடுங்கள். அத்தானுக்குக் கைக்குப் பயிற்சி கொடுக்கிற இடமெதுவும் இருந்தால் விசாரியுங்கள்.

றோய்

*

குருநகர்,
11.10.2024

தம்பிக்கு,

உனக்கு மகன் பிறந்த சந்தோசத்தை முதலில் சொல்லவேண்டும். போய்ப் பார்த்தேன். மூக்கு எங்கள் அப்பாவின் மூக்கு. ஆண்டவர் அவனுக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்.

செபமாலைச் சங்கத்து விருந்துக்கு இடம் பார்க்க வந்ததாகச் சொல்லி, நேற்று முதலாளியின் மண்டபத்துக்குப் போனேன். காவலுக்கு நின்றவர் சந்தோசமாகத் திறந்து காட்டினார். ஃபானைப் போடச் சொன்னேன். "ஏசி ஒண்டும் தேவையில்லை, அக்கா. இது சுத்தினால் நானூறு பேருக்கும் காணும். வாற மே மூண்டாம் திகதி முதலாளியின்ரை மகளின்ரை கலியாணமும் இதுக்குக் கீழைதான்" என்றார்.

மெல்லத்தான் சுற்றியது, நீ எழுதியபடியே. மண்டபத்தின் நடுவில் நின்றேன். என் சீலைத் தலைப்பு தானாக எழும்பியது. ஒரு துளி வியர்வை இல்லாமல் நின்றேன், றோய். இவர் கிடந்த அந்தத் தகரக் கொட்டிலுக்கு வந்திருக்க வேண்டிய காற்று.

நீ எனக்கு எழுதவேண்டியது இவ்வளவுதான். அந்த ஃபானை எத்தனை போல்ட் தாங்குகிறது? விழாமல் கட்டுகிற கம்பி எந்தப் பக்கம் இருக்கும்? ஒருவர் தனியே ஏறினால் கழற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்?

மேர்சி

*

டோஹா,
29.10.2024

அக்கா,

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. உடனே எழுதுகிறேன். போன் எடுத்தேன், நீங்கள் தூக்கவில்லை.

ஏன் போல்டைப் பற்றிக் கேட்கிறீர்கள்? என்ன செய்யப் போகிறீர்கள்? அது நூற்றிருபது கிலோ. கலியாண வீட்டில் நானூறு பேர் இருப்பார்கள், குழந்தைகள் இருப்பார்கள். லவீனாவும் என் பிள்ளையும் போவார்கள். அம்மாவை நினைத்துக்கொண்டு ஒரு சத்தியம் பண்ணித் தாருங்கள்.

யாரையாவது அனுப்பி அறுக்கவைத்தாலும் அது விழாது. ஒரு கம்பி போதும் என்றுதான் புத்தகத்தில் இருந்தது. நான் பயத்தில் இரண்டு போட்டேன். ஒன்றை அறுத்தால் மற்றது பிடிக்கும்.

தயவுசெய்து பதில் போடுங்கள்.

றோய்

*

குருநகர்,
18.11.2024

றோய்,

எல்லோரும் இருக்கிறோம்.

"நான் பயத்தில் இரண்டு போட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். முதலில் எனக்கு விளங்கவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. கையைக் கழுவிவிட்டு வந்து திரும்பவும் வாசித்தேன். நான் போட்டேன்.

பொய் சொல்லமாட்டேன், போல்டைப் பற்றிக் கேட்டபோது மனதில் கெட்ட எண்ணம்தான் இருந்தது. மூன்று நாள் இருந்தது. பிறகு விட்டுவிட்டேன். அந்த ஆள் மேல் அது விழுந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இவர் ஒவ்வொரு நாளும் சேட்டுப் பொத்தானோடு அரை மணித்தியாலம் போராடுகிறார். முதலாளி உயிரோடிருந்து காணவேண்டும். ஆகவே உன் பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது, பயப்படாதே.

ஆனால் நீ எனக்கு ஒன்று எழுதித் தரவேண்டும். யார் கூப்பிட்டது, என்றைக்குப் பூட்டியது, பெட்டியில் என்ன எழுதியிருந்தது, இலக்கம் எங்கே இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதிக் கீழே கையெழுத்து வை. அதை அந்தத் திட்டக் கந்தோரில் கொடுப்பேன். ஏமாற்றி வாங்கினாள் என்று பிறகு நீ சொல்லக்கூடாது.

மேர்சி

*

டோஹா,
27.12.2024

அக்காவுக்கு,

நத்தாருக்கு இங்கே எல்லோரும் வீட்டுக்குப் போனில் பேசினார்கள். நான் உங்களுக்குப் பேசவில்லை. பேசத் துணிவில்லை.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். போன மார்கழி லீவில் வந்திருந்தபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உனக்குக் கைவந்த வேலை. மண்டபத்திலை இதைப் பூட்டித் தா. உன்ரை கலியாணத்துக்கே சுத்தட்டும். மண்டபம் உனக்குச் சும்மா" என்றார். 2024 ஜனவரி 17, 18, 19 ஆகிய மூன்று நாளும் நின்று பூட்டினேன். பெட்டியில் மருதனார்மடம் கராஜின் பெயர் அச்சடித்திருந்தது. வாசித்தேன். கேட்டேன். "கராஜுக்கு வேறை ஒண்டு வரும்" என்றார். நான் நம்பவில்லை, அக்கா. நம்பியதுபோல இருந்துவிட்டேன். லவீனாவின் ஆட்களுக்கு முன்னால் அந்த மண்டபத்தில் கலியாணம் செய்ய ஆசையாக இருந்தது.

இலக்கம் மோட்டாரில், மேடையைப் பார்த்த பக்கத்தில் ஒரு தகட்டில் இருக்கிறது.

நீங்கள் முதல் கடிதத்தில் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். அந்த ஃபான் கராஜில் சுற்றியிருந்தால், அத்தான் அன்றைக்குப் பின்னேரம் வழமைபோல வீட்டுக்கு வந்திருப்பார்.

அத்தானிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்த ஒன்றைத்தான் கேட்கிறேன்.

அ. றோய்

*

குருநகர்,
06.05.2025

றோய்,

மாசியிலும் பங்குனியிலும் நீ போட்ட கடிதங்கள் கிடைத்தன. வேண்டுமென்றுதான் பதில் போடவில்லை.

நீ எழுதித் தந்ததை நாலு மாதம் வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன். தையில் கொடுத்திருந்தால் வெறும் மண்டபத்தில் நாலு பேர் வந்து கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு குருவிக்கும் தெரிந்திராது. ஏப்ரல் முப்பதாம் திகதி கொண்டுபோய் றஜனியிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அவள் முதலாளிக்குப் போன் எடுத்திருக்கிறாள். ஃபான் கராஜில்தான் சுற்றுகிறது, நாளைக்கு மகளின் கலியாணம், திங்கட்கிழமை வந்து பாருங்கள் என்றாராம். நான் றஜனியிடம் சொன்னேன், "திங்கட்கிழமை அது கராஜிலைதான் இருக்கும், பிள்ளை. நாளைக்கு ஒரு நாள்தான் அவரால் அதை அசைக்க ஏலாது." அவளுடைய மேலதிகாரி கொழும்பிலிருந்து வந்து நின்றது எங்கள் அதிர்ஷ்டம்.

முதலாளி தொழிலாளர் எல்லோருக்கும் கலியாணக் கார்ட் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. ஊர் மெச்சவேண்டுமே. இவரைக் குளிக்கவைத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். நடுவரிசையில் இருந்தோம். வெளியே தார் இளகுகிற வெயில். சன்னல்களையெல்லாம் சோடனைத் துணியால் மூடியிருந்தார்கள். ஆனாலும் உள்ளே ஒருவருக்கும் வியர்க்கவில்லை. உன் ஃபான் அப்படிச் சுற்றியது.

கேக் வெட்டி முடிய திட்டக் கந்தோரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மின்குமிழ் மாற்றுகிற உயர ஏணியைக் கேட்டு வாங்கி, ஃபானை நிற்பாட்டி, ஒருவர் ஏறி இலக்கத்தைச் சத்தமாக வாசித்தார். றஜனி கோப்பைப் பார்த்து "சரி" என்றாள். திட்டத்தின் சொத்து, அனுமதியில்லாமல் பூட்டியது, இனி ஆட்களுக்கு மேலே சுற்றவிட முடியாது என்று மேலதிகாரி சொன்னார். சுவிச்சுப் பெட்டிக்கு முத்திரை வைத்துவிட்டார்கள்.

ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கோட்டுப் போட்ட ஆம்பிளையள் கழுத்துப் பட்டியை இளக்கத் தொடங்கினார்கள். கலியாணக் கார்டால் விசிறினார்கள். கேக்கின் மேல்தட்டு ஒரு பக்கம் சரிந்தது. பிள்ளைகள் கத்தின. மாப்பிள்ளையின் தாய்க்கு மயக்கம் வந்து வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். சனம் ஒருவரை ஒருவர் கேட்டது, "என்னவாம்? கராஜ்ப் பெடியளின்ரை ஃபானாமே?" சாப்பாட்டுக்கு முன்னமே பாதி மண்டபம் காலி.

முதலாளி நேரே என்னிடம் வந்தார். கோட்டு முதுகில் ஒட்டியிருந்தது. "தங்கச்சி, ஒரு மணித்தியாலம் மட்டும் விடச்சொல்லுங்கோ. பிள்ளையின்ரை கலியாணம். சனமெல்லாம் அவியுது" என்றார்.

"ஒரு மணித்தியாலம்தானே, முதலாளி. என்ரை மனுசன் உங்கடை தகரத்துக்குக் கீழை ஏழு வருசம் அவிஞ்சவர்" என்றேன்.

அவருக்குச் சுர் என்று ஏறிவிட்டது. மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினார். "என்னை மட்டும் கேக்கிறியள்! பூட்டினவன் ஆர்? உங்கடை தம்பி றோய்தானே! அவனைக் கேளுங்கோவன்!"

நான் இவரிடம் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் சொல்லிவிட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். "போவமா?" என்று கேட்டேன். காலை நீட்டிக்கொண்டு, நின்றுபோன ஃபானைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம் இருப்பம்" என்றார்.

மணப்பெண்ணின் கண்மை கன்னத்தில் வழிந்தது. அந்தப் பிள்ளை எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, தெரியும். ஆனாலும் நான் எழும்பவில்லை. கடைசி ஆள் போகும்வரை இருந்தோம்.

மேர்சி

*

டோஹா,
28.05.2025

அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நடந்ததை லவீனா அன்றைக்கே சொல்லிவிட்டாள். முதலாளி கத்தினபோது பிள்ளையோடு மூன்றாவது வரிசையில் இருந்தாளாம். எல்லோரும் திரும்பித் தன்னைப் பார்த்தார்களாம். "உங்கடை அக்காவின்ரை மனுசனுக்கே இப்பிடியெண்டால் நாளைக்கு எனக்கு என்ன செய்வியள்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவள், இன்னும் சரியாகப் பேசவில்லை. பாசையூரில் அவளுடைய தகப்பன், நான் வந்தால் படலையிலேயே வைத்துக் கேட்பாராம்.

யூலையில் எனக்கு லீவு. வீட்டுக்கு வரலாமா, அக்கா? அத்தானின் காலில் விழுகிறேன். நீங்கள் இரண்டு வார்த்தை எழுதினால் போதும்.

றோய்

*

குருநகர்,
16.06.2025

தம்பி றோய்க்கு,

எனக்குச் சுகம். இவர் இப்போது ஒழுங்கை முனைவரை தனியே போய் வருகிறார். கையில் மாற்றமில்லை.

ஃபானைக் கராஜுக்குக் கொண்டுபோய்த் திட்டத்து ஆட்களே பூட்டிவிட்டார்கள். முகட்டிலும் திறப்பு வெட்டியாகிவிட்டது. பின்கதவைத் திறந்துதான் வைக்கவேண்டும் என்று எழுத்தில் உத்தரவு. மத்தியானத்தில் சேட்டு நனையாமல் வேலை செய்கிறோம் என்று ஜெயரூபன் சொன்னான். நல்லதென்றேன்.

போன கிழமை முதலாளியும் பெண்சாதியும் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் முகம் கொடுக்கிறார்களில்லையாம். தொழில் கந்தோரிலும் விசாரணை தொடங்கிவிட்டது. எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று நான் எழுதித் தரவேண்டுமாம். படலைக்கு உள்ளே எடுக்கவில்லை. வெயிலில் நிற்கவிட்டுத்தான் கேட்டேன். அந்த மனுசி தண்ணீர் கேட்டாள். அதையும் கொடுக்கவில்லை. எங்கள் அம்மா இருந்திருந்தால் எனக்கு அடித்திருப்பா.

அதற்குப் பிறகுதான் அம்மாவின் நினைவு வந்தது. யூலை இருபது அவவின் ஆண்டுப் பூசை. எனக்கு உன்மேல் கோபம் ஆறவில்லை. ஆனால் ஒரு வயிற்றில் பிறந்தது நீயும் நானும்தான். உனக்குச் செய்யவேண்டியதை அந்த ஆளே மண்டபத்தில் கத்திச் செய்துவிட்டார். இனி நான் வேறு எதற்கு?

வா. இவரிடமும் சொன்னேன். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா,
மேர்சி

*

குருநகர்,
01.07.2025

றோய்,

இதை எழுத எனக்கு ஐந்து நாள் எடுத்தது. எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்து வாசி. மேர்சிக்குத் தெரியாது. ஜெயரூபன் தபாலில் போடுவான்.

அந்தப் பெட்டி கராஜுக்கு வந்த அன்றே, ஃபானைத் தூக்கவேண்டிய கூரை வளையை அளந்து பார்த்தவன் நான். அந்தப் பாரத்தைத் தாங்காது என்று கண்டு, இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாமல் நின்று தகடு வைத்து ஒட்டினேன். யாரும் கேட்கவில்லை. சித்திரைக்கு முன்னம் காற்று வந்துவிடும் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் பெட்டி இல்லை.

அதே கிழமைதான் நீ மூன்று நாள் எங்கள் வீட்டில் இராச்சாப்பாடு சாப்பிட்டாய். சேட்டில் இரும்புத் தூள் இருந்தது. எங்கே வேலை என்று கேட்டேன். "ஒரு மண்டபத்திலை, அத்தான்" என்றாய். உனக்குக் கை கழுவ நான்தான் தண்ணீர் வார்த்தேன்.

உன் கலியாணத்தன்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நீ அங்கே நிற்கிறாய் என்பதால் அதை விட்டுவிட்டேன். உன் தோளில் கைபோட்டு "நல்ல காத்தடா" என்று சொன்னேன். நீ "ஓம் அத்தான்" என்றாய்.

என்னைப் பற்றி நீயும் மேர்சியும் ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். முதலாளி வருகிறார், அதிகாரிகள் வருகிறார்கள், எல்லோரும் மேர்சியிடம்தான் கேட்கிறார்கள். சொல் குழறுகிற ஆளிடம் கேட்க யாருக்கும் பொறுமையில்லை. நான் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அன்று மண்டபத்தில் சனம் வியர்த்து ஓடியதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

மேர்சி உன்னை வரச்சொல்லி எழுதியிருக்கிறாள். அவள் உன் அக்கா, அவளால் முடியும். பூசைக்கு வா, கோயில் எல்லோருக்கும் பொது. என் வீட்டுக்கு வராதே.

இந்தக் கையால் ஒரு நட்டை நான் இறுக்குகிற அன்றைக்கு நீ வரலாம். அது இனி நடக்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஜெரிசன்